பொள்ளலான புளியமரம்

காலையில் கெட்டியாக இருந்த மரம் சாயங்காலம் பொள்ளலாகிவிட்டது. கஸ்தூரி விறகுக்கட்டையால் மறுபடியும் தட்டினாள். காலிப் பீப்பாயைத் தட்டுவது மாதிரி டொம், டொம் என்றது. இது என்னடா கூத்து! கறையான் தின்றாலும் ஒரே பகலிலா தின்னும்?

மூன்று வருஷமாகப் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்த வேங்கிக்கால் ஊர் மண், இந்த ஐப்பசி மழையில் களியாகக் குழைந்து, கொல்லைப் புளியமரத்தின் பின்பக்க வேரடியில் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மரம் வீட்டுப்பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டது. விழுந்தால் கூடத்து ஓட்டின்மேல்தான் விழும். அங்கேதான் ஐந்து வயது கவியா படுப்பாள். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் கஸ்தூரி மரம் வெட்டும் சுப்பிரமணியைக் கூப்பிட்டிருந்தாள்.

அவர் காலையில் கோடாரியைத் திருப்பித் தட்டிப் பார்த்து, "உள்ள வைரம் பாய்ஞ்சி கெட்டியா கீதும்மா. மண்ணுதான் மோசம்" என்றார். பிறகு கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். "இதுல குடியிருக்கிறவங்க எறங்கிப் போயிடுங்க."

மரத்தில் குடியிருக்கும் ஆவிகளுக்கு ஏரிக்கரை ஆலமரத்தைக் காட்டி, அங்கே போங்கள் என்று சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மனுஷன் கோடாரியோடு ஓடியே போய்விட்டார்.

"ஏங்க, உள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

புருஷன் வேடியப்பன் சிரித்தான். "மழ ஜாஸ்தியானா சத்தம் மாறும்டி. நாளைக்கு வெட்டிடலாம், சும்மா இரு."

மரத்தில் இருந்தது இவனுக்குள் புகுந்துவிட்டதோ என்று அவளுக்கு அந்தச் சிரிப்பின்மேலேயே சந்தேகம் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் புளியந்துளிரின் பச்சைப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. பரணிலும் அரிசி டிரம்மின் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் விளக்கைப் பிடித்துத் துழாவினாள். சுவரில் காதை வைத்தாள். மழைச் சத்தத்துக்கு அடியில் எதுவோ நிதானமாக, பெரிய மிடறாகத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து.

கவியா மூலையில் நின்றிருந்தாள். அசையாமல்.

"இன்னும் படுக்கலையாடி?"



வாசனை இங்கேதான் ஜாஸ்தி. கஸ்தூரி விளக்கைக் கீழே வைத்தாள். அக்குளில் கைகொடுத்து மகளைத் தூக்கினாள். வரவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

வரவில்லை.

குனிந்து பார்த்தாள். குழந்தையின் கால்விரல்கள் சிமெண்ட் தரைக்குள் போயிருந்தன.

"இழுக்காதம்மா" என்றாள் கவியா. "அவங்களுக்கு வலிக்குதாம்."

சொல்லும்போதே கணுக்காலும் உள்ளே இறங்கியது.