சீட்டுக்கு அடியில் மூன்று பேப்பர்

ஞாயிறு, காலை 7.10.

விற்கப்போகிற வண்டியானாலும் துடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று வாளியும் துணியுமாக வாசலுக்குப் போன கணவன், ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தான். கையில் சுருட்டி மடித்த மூன்று செய்தித்தாள்கள். மூன்றுமே நனைந்து, அதில் ஒன்றில் இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா சீட்டுக்கு அடியில இருந்துச்சு. காலடியும் ஈரமா இருக்கு," என்றான். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு."

அவள் அடுப்பை அணைத்தாள். 'மறுபடியும்' என்றால் என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாமனாருக்குச் சிறுநீரகம் கைவிட்டு ஒன்றரை வருடம். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு மடக்குக்கூடக் கூடாது. போன கோடையில் காருக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலோடு ஒருமுறை கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தார்.

மாமனார் கூடத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. தன் கால் விரல்களையே பார்த்தார்.

"அப்பா, இனிமே ஆஸ்பத்திரி வேன்லதான் போகணும். அங்கயும் இப்படிப் பண்ணீங்கன்னா யாரு பார்ப்பா?"

"நான் குடிக்கலடா," என்றார் மெதுவாக. நம்பச் சொல்லிக் கேட்கிற குரல் அல்ல அது. தனக்கே நிச்சயமில்லாத குரல்.

அந்தக் குரல்தான் அவளை உறுத்தியது.

வேன் என்பது ஆறு நோயாளிகளை ஆறு தெருக்களில் பொறுக்கிக்கொண்டு போகிற வண்டி. இந்தக் குளிரில், சிகிச்சை முடிந்து வெடவெடவென்று நடுங்குகிற மனிதரை இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டும். காரில் ஹீட்டர் போட்டால் இருபது நிமிடத்தில் வீடு. ஆனால் காரில் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எஞ்சினே போய்விட்டது, இந்தப் பதினெட்டு வருட வண்டிக்குச் செலவு செய்வது வீண் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். பதினோரு மணிக்குப் பழைய வண்டி வாங்குகிறவர் வருகிறார்.

அவளுக்கு வேலை குடிநீர் வாரியத்தில், கசிவுப் பிரிவில். தார் ரோட்டில் காதை வைத்து, பூமிக்கடியில் எந்தக் குழாய் அழுகிறது என்று சொல்லுகிற வேலை. வீட்டில் அதற்காகக் கிடைத்த பட்டம், இன்ஸ்பெக்டரம்மா.

"அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க," என்றாள்.

"எதுக்கு? செய்தி படிக்கவா?"

அவள் முகர்ந்து பார்த்தாள். லேசான இனிப்பு வாடை. விரலால் தேய்த்தாள். வழுக்கியது. வெளுத்த ஓரத்தில் பச்சைச் சாயம்.

தேதிகளைப் பார்த்தாள். திங்கள். புதன். வெள்ளி.

7.25. காரின் முன்பக்கம், மாமனார் உட்காரும் இடம். தரைவிரிப்பை அழுத்தினாள். விரலிடுக்கில் ஈரம் ஊறியது. முன்கண்ணாடியைப் பார்த்தாள். பனிக்காலையிலும் உள்பக்கம் பளிச்சென்று இருந்தது. ஆவிப் படலமோ பிசுக்கோ இல்லை.

"மாமா நேத்து எத்தனை மணிக்கு வண்டியை விட்டு இறங்குனாரு?" என்று கேட்டாள்.

"மத்தியானம் ரெண்டு. நேரா படுக்கைக்குப் போயிட்டாரு."

"அப்புறம் வெளியே வந்தாரா?"

"இல்ல."

"பதினேழு மணி நேரத்துக்கு முன்னாடி இறங்குன ஆளு, இப்ப எப்படிங்க இங்க தண்ணி சிந்துவாரு?"

கணவன் குனிந்து காலடியைத் தொட்டுப் பார்த்தான்.

7.40. கூடம். அவள் மாமனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, பேப்பர் வெச்சுத் துடைச்சது நீங்கதான?"

மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"ஆமாம்மா. கிளம்பற அன்னிக்குக் காலையில, அவன் ஷூ மாட்டற நேரத்துல, முதல் நாள் பேப்பரை எடுத்துட்டுப் போய்த் துடைச்சிடுவேன்."

"தூக்கிப் போட வேண்டியதுதான?"

"குப்பைக்கூடையிலயும் உன் கண்ணு போகுமேன்னு பயம்." லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "பாட்டில் நான் எடுத்துட்டுப் போகலம்மா. ஆனா ஈரம் இருக்கு. நானே கொட்டிட்டு மறந்துடறேனோன்னு... அதை யார்கிட்ட கேக்கறது?"

ஒரு வாரமாக இந்த மனிதர் தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். 

"திரும்பி வரும்போது ஈரம் இருக்குமா, மாமா?"

"யோசிச்சுப் பார்த்தா, வரும்போது இருந்ததே இல்ல. காலையிலதான்."

8.05. மெக்கானிக்குக்குத் தொலைபேசி.

"எஞ்சின்தான்னு எப்படிண்ணா சொன்னீங்க?"

"தரையில சொட்டு இல்ல, வண்டிக்குள்ள ஈரம் இல்ல. தண்ணி மட்டும் குறையுது. அப்ப எஞ்சின்தான குடிக்குது?"

"ஹீட்டருக்குப் போற ஹோஸ்?"

"டாஷ்போர்டுக்குக் கீழ மூடியைக் கழட்டிக் கையாலயே தடவிப் பார்த்தேன்மா. காஞ்சு கிடந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல்ல மாமாவை இறக்கிட்டு நேரா வந்தாரு. வந்த கையோட பார்த்தேன்."

"நல்ல சூடா இருக்கும்போது."

"பின்ன, ஓடுன வண்டி சூடாத்தானம்மா இருக்கும்?"

அவள் நன்றி சொல்லி வைத்தாள்.

8.20. காலடிக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்தாள். எஞ்சினிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், ஹீட்டர் குழாயில் மாட்டியிருக்கும் இடம். அதை இறுக்கிப் பிடித்திருந்த கிளிப் மட்டும் புத்தம்புதிதாக மின்னியது. அதன் அடியில் ஒரு பச்சைத் துளி திரண்டு, தயங்கி, விழுந்தது.

"என்னங்க, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. ஹீட்டரையும் போடுங்க."

8.40. எஞ்சின் சூடேறியது. துளி சிறுத்தது. நின்றது. துடைத்துவிட்டு விரலை வைத்தாள். காய்ந்திருந்தது.

அவள் எழுந்து வந்து கணவனின் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டில் ஆறிப்போன தீக்காயத் தழும்பு.

"இது எப்ப?"

"போன மாசம். ஆஸ்பத்திரி வாசல்ல அந்தக் கிளிப் உடைஞ்சுடுச்சுல்ல. புதுசு வாங்கி மாட்டினேனே. பன்னிரண்டே நிமிஷம்." அந்தப் பன்னிரண்டு நிமிடக் கதையை அவன் சித்தப்பா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

"குற்றவாளி கிடைச்சாச்சு," என்றாள். "நீங்கதான்."

"நானா?"

"எஞ்சின் குடிக்குதுன்னாரு மெக்கானிக். அப்பா குடிக்கிறாருன்னீங்க நீங்க. ரெண்டு பேருமே குடிக்கல. பேப்பர்ல இருந்தது ரேடியேட்டர்ல ஊத்தற பச்சை கூலன்ட். அந்தக் குழாய் கையைச் சுடற சூட்டுல இருக்கும்போது கிளிப்பை முடுக்கினீங்க. சூட்டுல ரப்பர் உப்பியிருந்துச்சு, இறுக்கமாத்தான் தெரிஞ்சிருக்கும். இந்த வாரம் குளிர் கூடினதும் ராத்திரியில அது சுருங்குது, கிளிப் தளருது, ஒழுகுது. வண்டி ஓடுனா மறுபடி உப்பி அடைச்சுக்குது. மெக்கானிக் பார்த்தப்ப சூடு. அதான் காஞ்சு கிடந்துச்சு."

"ஹீட்டரே உள்ள ஓட்டையா இருந்தா?"

"காத்தோட ஆவி வந்து கண்ணாடியெல்லாம் பிசுபிசுன்னு மூடியிருக்கும். கண்ணாடியைப் பாருங்க."

அவன் பார்த்தான்.

"மாமா துடைக்காம விட்டிருந்தா மெக்கானிக்கே ஈரத்தைப் பார்த்திருப்பாரு," என்றாள். "நாம திட்டுவோம்னு பயந்து தடயத்தை அழிச்சிருக்காரு. அந்தப் பயம் யாரு குடுத்தது?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். எப்போது வந்தாரோ, போர்வையோடு வாசற்படியில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தான். குளிர் காற்றில் அவர் கண்கள் கலங்கியிருந்தன. காற்றால் மட்டும் அல்ல.

"பன்னிரண்டு நிமிஷம் ஏண்டா, அரை மணி நேரம் எடுத்திருக்கலாமே," என்றார்.

"நீங்க உள்ள நடுங்கிட்டு இருந்தீங்கப்பா. அதான் ஆறட்டும்னு விடாம..." அவன் குரல் உடைந்தது. "மன்னிச்சிடுங்கப்பா."

"சரி சரி. என் மூளை நல்லா இருக்குன்னு ஆச்சே, அது போதும்."

9.50. எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ஸ்க்ரூ டிரைவரால் ஒன்றரைச் சுற்று. அவன் முடுக்க, அவள் டார்ச் பிடித்தாள். குறைந்த கூலன்ட்டை ஊற்றினார்கள். 11.00 மணிக்கு வந்தவரைத் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

செவ்வாய், காலை 6.20.

ஞாயிறு மாலையே அவள் காலடியில் ஒரு பேப்பரை விரித்து வைத்திருந்தாள். இரண்டு இரவுகள் குளிரில் நின்ற வண்டியின் கதவைத் திறந்து அதை எடுத்தாள். மொடமொடவென்று காய்ந்திருந்தது. மாமனாரின் கையில் கொடுத்தாள்.

அவர் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஹீட்டரின் வெதுவெதுப்புக்கு நேராகக் காலை நீட்டி, பேப்பரைப் பிரித்தார். இரண்டு தெரு தாண்டியதும் தலையை நிமிர்த்தினார்.

"ஏம்மா, இது ஞாயித்துக்கிழமை பேப்பர். இன்னிக்குள்ளது குடுக்கக் கூடாதா?"