எண்ணை மாற்றிய கை

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் நெட்வொர்க் அறைக்குள் நுழைந்தேன். பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். காலையில் மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருந்தது. இரண்டாம் மாடி வார்டின் அலாரம் ஒன்றுகூட நர்ஸ் மேஜைக்குப் போகவில்லை. அந்த வார்டில் நாலாம் படுக்கையில் என் அப்பா, பலவீனமான இதயத்தோடு.

காரணம் தெரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சேமித்து வைத்த அமைப்புகளைப் படித்துக்கொண்டு எழ வேண்டுமா, படிக்காமல் எழ வேண்டுமா என்று ரவுட்டருக்குச் சொல்ல ஓர் எண் உண்டு. பாஸ்வேர்ட் மறந்துபோனால் அதை 2142 ஆக்கி, படிக்காமல் எழுப்பி உள்ளே நுழைவோம். வேலை முடிந்ததும் 2102 என்று திருப்பி வைக்க வேண்டும். எனக்கு முன்னால் இங்கே இந்த வேலை பார்த்தவர், எல்லோரும் கேபிள் சார் என்று கூப்பிட்டவர், திருப்பி வைக்கவில்லை. போன வருடம் அந்த வேலையின் நடுவிலேயே, இதே நாற்காலியில், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அதன்பிறகு ரவுட்டர் அணைந்து எழுந்தது இன்றுதான். செத்தவரைத் திட்டக் கூடாதுதான். வாய் நிறையத் திட்டினேன்.

2102 போட்டேன். மறுபடி எழுப்பினேன்.

2142.

இப்படியே மூன்று தடவை. போன் அடித்தது.

"சார், இன்னும் எவ்ளோ நேரம்? பத்து பெட்டுக்கும் நான் ஒருத்திதான் ஓடிட்டிருக்கேன்," என்றாள் நர்ஸ்.

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர்."

இதையேதான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவை, கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தேன்.

எண் தானாக மாறியது.

ஒற்றை விரலால் தட்டுகிறவரைப் போல, ஒவ்வொரு இலக்கமாக.

கேபிள் சார் எப்போதும் பூசியிருந்த தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. பின்கழுத்தில் மூச்சு பட்டது.

பிறகு திரையில் குப்பை எழுத்துகள் கொட்டின. ரவுட்டரையும் என் லேப்டாப்பையும் இணைக்கும் கன்சோல் கேபிளின் வேகம் ஒத்துப்போகாவிட்டால் அப்படித்தான் வரும். பழக்க தோஷத்தில் வேகத்தைக் குறைத்தேன். குப்பை தெளிந்தது.

'என் வேலை இன்னும் முடியல.'

பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"சார், கும்பிட்டுக் கேக்கறேன். மேல எங்க அப்பா கிடக்காரு. நீங்க விட்டதை நான் முடிக்கறேன். கையை எடுங்க," என்று கிசுகிசுத்தேன்.

மூச்சு விலகியது.

அதுவரை நான் எண்ணோடு மட்டுமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் பாதியில் விட்ட வேலையை முதலிலிருந்து வரிசையாகச் செய்தேன். பழைய அமைப்புகளை ஏற்றினேன், புது பாஸ்வேர்ட் வைத்தேன், கடைசியாக 2102. இந்தத் தடவை எண் அசையவில்லை.

போன் அலறியது. "சார், லைன் வந்த அடுத்த நிமிஷமே நாலாம் பெட் அலாரம் அடிச்சுது! டாக்டர் ஓடி வந்துட்டாரு. அப்பா பொழச்சுட்டாரு சார்!"

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கன்சோல் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினேன். அதன் இரண்டு முனையும் என் கையில் இருக்கும்போது திரையில் ஒரு வரி நிதானமாக ஊர்ந்து வந்தது.

'அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?'