பக்கத்து இருக்கையின் பிரேக்

காருக்குள் யாரும் இல்லை. ஆனாலும் ஆக்சிலரேட்டர் நான்கு சதவீதம் மிதிபட்டிருப்பதாக ஸ்கேனர் காட்டியது.

டாக்டர் திரையைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நான்குதான். அவர் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை. காரின் இன்ஜினை ஆளும் கணினிப் பெட்டியோடு ஸ்கேனர் வழியாகப் பேசி, கோளாறு இன்னதென்று சொல்கிறவர். ஒர்க்‌ஷாப்பில் கேலிக்கு வைத்த பெயர் அது. வருஷங்கள் போனதில் கேலி உதிர்ந்து மரியாதை மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. அளவுக்கு மீறியே பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் வேறு யாரும் இல்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் தகரக் கூரை அவ்வப்போது முறுகிச் சத்தம் போட்டது. பழைய ஆயிலும் ரப்பரும் ஈரத்துணியும் கலந்த வாசனை தினமும் மூக்கில் ஏறுவதுதான். இன்று அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது, பூட்டிவைத்த அலமாரியைத் திறந்ததும் வருமே, அப்படி ஒரு மக்கிய வாசனை. அது காருக்குள்ளிருந்து வந்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை இன்னும் இருந்தது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. பக்கத்து இருக்கைப் பக்கம் மட்டும் உள்ளே அமுங்கி, கதவும் அதையொட்டிய இரும்புத் தூணும் ஒன்றாகிக் கிடந்தன. அந்த இருக்கையில் உடைந்த கண்ணாடி, கற்கண்டுத் தூள் மாதிரி இறைந்திருந்தது.

விபத்தன்று அங்கேதான் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் நிறுத்துவதற்கென்று அந்தப் பக்கத்திலும் தரையில் ஒரு பிரேக் பெடல் உண்டு.

காரை இழுத்துவந்து விட்டவர் டீச்சரின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையில் வந்தபோது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அது டாக்டருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் யாரையும் மாட்டிவிட வரல டாக்டர். அன்னைக்கு ஓட்டின தையல்காரம்மா நாலு மாசமா மெஷின்ல உக்காரவே இல்லையாம். 'பிரேக்குன்னு நெனச்சு இதை மிதிச்சுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்'னு அதையே சொல்லிட்டிருக்காங்க. பக்கவாதம் வந்த வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் பாவம் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. நாளைக்கு வண்டியை உடைக்கக் கொடுத்துடுவேன். அதுக்குள்ள நீங்க ஒருதடவ பாத்துடுங்க."

"போலீஸ்ல பாத்திருப்பாங்களே."

"அவங்க பாத்தது இருக்கட்டும். நீங்க சொன்னா அந்தம்மா நம்புவாங்க. என் வீட்டுக்காரியும் உங்களைத்தானே நம்பினா."

டாக்டருக்குக் காதுமடல்கள் சூடாயின. "சாயங்காலம் வாங்க" என்று டயரைப் பார்த்துச் சொன்னார்.

விபத்துக்குப் பத்தொன்பது நாள் முன்னால் இதே இடத்தில் டீச்சர் நின்றிருந்தார். "மிதிக்காமலே திடீர்னு ஒரு இழுப்பு இழுக்குது டாக்டர். எப்பவாவதுதான். எனக்குன்னா சமாளிச்சுப்பேன். கத்துக்க வர்றவங்க பயந்துடுவாங்க." டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டர் பெடலின் சென்சார் சந்தேகத்துக்குரியது என்று பெட்டியில் ஒரு கோளாறு எண் பதிவாகியிருந்தது. டாக்டர் இரண்டு நாள் பார்த்தார். ஒயரை ஆட்டினார், சூடாக்கினார், தண்ணீர் தெளித்தார், ஊரைச் சுற்றி ஓட்டியும் பார்த்தார். அவர் முன்னால் அது நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மூன்றாம் நாள் டீச்சர் வந்தபோது வேறொரு வாடிக்கையாளர் காத்திருந்தார். அவரிடம் டீச்சர், "இவரு கைக்குத் தப்பின கோளாறே கிடையாதுங்க" என்றார். அதைக் கேட்டபின் 'எனக்குத் தெரியல' என்று சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை. கோளாறு எண்ணை அழித்தார். விளக்கு அணைந்தது.

"ஒயர் முனையில ஒரு பின் தளர்ந்திருந்துச்சு டீச்சர். சரி பண்ணிட்டேன்."

"நிச்சயமா?"

"என்ன டீச்சர், என்னையே கேக்கறீங்க!"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதெல்லாம் சாப்பிடும்போது நினைவுக்கு வரும். மனைவி, "உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவார்.

நான்கு சதவீதம். அதற்குக் காரணம் சொல்ல முடியும். சென்சார் இன்னும் பொய் சொல்கிறது, அவ்வளவுதான். அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். அது அசையாமல் மேலேயே நின்றது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்க்கட்டைப் பிரித்தார். மூன்று உறைகளுக்கு உள்ளே, அன்று அவர் பிரிக்காமல் விட்ட இடத்தில், செம்பு பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. பிரித்திருந்தால் கால்மணி நேர வேலை.

அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியில் பதிந்திருந்த கடைசி நொடியைத் திறந்தார். கோளாறு வரும் நொடியின் அளவுகளை இன்ஜினின் கணினி தானாகவே சேமித்துவைக்கும். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. வேகம், அறுபத்தொன்று. ஆக்சிலரேட்டர், தொண்ணூற்றொன்பது. அந்த மாடலில் பெடலை அடிவரை மிதித்தாலும் தொண்ணூற்றிரண்டைத் தாண்டாது. எந்தக் காலாலும் வரக்கூடிய எண் இல்லை அது. பிரேக், மிதிக்கப்பட்டுள்ளது.

தையல்காரம்மா சரியான பெடலைத்தான் மிதித்திருக்கிறார். டீச்சரும் சும்மா இருந்திருக்க மாட்டார், தன் பக்கத்துப் பெடலை மிதித்திருப்பார். பழைய பெட்டி, பிரேக் போட்டாலும் இன்ஜினை அடக்கத் தெரியாதது. இரண்டு பெண்கள் சேர்ந்து மிதித்தும் நிற்காமல் போயிருக்கிறது.

காருக்குப் பின்னாலிருந்த சுவர் சிவந்தது.

நிமிர்ந்து பார்த்தார். காரின் பின்விளக்குகள் எரிந்து அணைந்தன. திரையில், 'பிரேக்: ஆன்.' பிறகு, 'ஆஃப்.' ஒயர் உரசியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பக்கங்களை மாற்றி ஏர்பேக் பகுதிக்குப் போனார். 'பக்கத்து இருக்கை: ஆள் உண்டு' என்றிருந்தது. இருக்கை நசுங்கியிருக்கிறது, அதனால்தான். இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கிற வேலையைத்தானே இத்தனை வருஷமாகச் செய்கிறார்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மணி நான்குகூட ஆகவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் முன்னதாகவே வந்துவிட்டார். பின்னால் தையல்காரம்மா.

திரையில் அந்தப் பதிவு இருந்தது. அதற்குக் கீழே ஒரு கட்டம். 'கோளாறுகளை அழிக்கவா?'

அவர் யோசித்தார் என்று சொல்ல முடியாது. விரல் முன்பு செய்ததையே செய்தது. திரை வெளுத்தது. 'கோளாறு எதுவும் இல்லை.' பிரித்த ஒயர்க்கட்டை உள்ளே தள்ளி மூடியை அழுத்தினார்.

தையல்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். புடவை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காரைப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்றார்.

"தெரிஞ்சுதா டாக்டர்?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"எதுவும் பதிவாகல. வண்டியில கோளாறு இல்ல."

தையல்காரம்மா முதல்முறையாக நிமிர்ந்தார். "அப்ப நான்தானேங்க?"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. டாக்டர் ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

"எனக்குத் தெரியும்ங்க," என்றார் அந்த அம்மா. "எல்லாரும் மனசு நோகக் கூடாதுன்னு எதையோ சொல்றாங்க. நீங்கதான் உள்ளதச் சொன்னீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டர் பதிலுக்குக் கும்பிடக் கைகளைத் தூக்கினார். விரல் நுனிகளில் பச்சைப் பொடி. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சாவியை எடுத்து வச்சிடுங்க டாக்டர். காலைல ஆள் வருவாங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்து, படி பார்த்து, மெதுவாக நடத்திக் கூட்டிப்போனார். ஸ்கூட்டர் கிளம்பியது. கூப்பிட்டுவிடலாம். ஒரு குரல் கொடுத்தால் போதும். சத்தம் தெருமுனையில் திரும்பித் தேயும்வரை வாயைத் திறந்தபடியே நின்றார்.

மழை தகரத்தில் இறங்கியது. வேறெதுவும் கேட்காத அளவுக்கு இறங்கியது.

சாவியை எடுக்க டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். திருப்பினார். டேஷ்போர்டு விளக்குகள் அணையவில்லை. மறுபடி திருப்பினார். காலடியில் ஏதோ அதிர்ந்து, கனைத்து, பிடித்துக்கொண்டது. இன்ஜின்.

சாவி அவர் கையில் இருந்தது.

கதவு எப்போது சாத்திக்கொண்டது என்று தெரியவில்லை. பிடியை இழுத்தார். திறக்கவில்லை. எதிரே பத்தடியில் இரும்புச் சட்டங்கள் நீட்டிக்கொண்டிருந்த சுவர். மடியில் ஸ்கேனர் ஒளிர்ந்தது. நான்கு. பதினொன்று. முப்பது. அவர் கால் ஆக்சிலரேட்டருக்குப் பக்கத்தில்கூட இல்லை. கார் முன்னால் பாயத் துடித்தது. பாயவில்லை. ஏதோ பிடித்து நிறுத்தியிருந்தது. பின்சுவர் முழுக்கச் சிவப்பு.

கர்... கர்... என்று பக்கத்தில் மெல்லிய சத்தம்.

கண்ணாடித் துகள்கள். இருக்கையின் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி உருண்டுகொண்டிருந்தன. மெத்தை நடுவில் குழிந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் குழிவதுபோல. பெல்ட் குறுக்கே இழுபட்டு, பூட்டியிருந்தது. வெறும் காற்றைச் சுற்றி விறைப்பாக. ஏறியது. இறங்கியது. ஏறியது. ஓடி வந்தவருக்கு மூச்சு வாங்குவதுபோல.

கீழே, அந்தப் பக்கத்து பிரேக் பெடல். அடிவரை அமுங்கியிருந்தது. அதன் கம்பி நரம்பாகப் புடைத்திருந்தது. நாலு மாதமாக விடாத கால்.

நாற்பத்தெட்டு. அறுபத்தொன்று.

"டீச்சர்," என்றார். மழையில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "அந்தம்மா இல்ல டீச்சர். நான்தான். எனக்குத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பெல்ட் நின்றது. ஏறவில்லை. இறங்கவில்லை.

"நாளைக்குச் சொல்லிடறேன் டீச்சர். நிச்சயமா."

இருக்கையில் குழி அவர் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடித் துகள்கள் அவர் பக்கமாக உருண்டன. திரும்பிப் பார்க்கிற ஒருவரின் எடை.

எண்பது. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றொன்பது.

தன் பக்கத்து பிரேக்கில் இரண்டு கால்களையும் வைத்து, முதுகை இருக்கையில் முட்டி, உயிரைக் கொடுத்து மிதித்தார். இரண்டு பெடல்களும் ஒரே கம்பியில் கட்டியவை.

பக்கத்துப் பெடல், அவசரமே இல்லாமல், தரையிலிருந்து எழும்பியது. அவருடைய பெடலும் எழும்பியது. அவர் கால்களையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மேலே, மேலே வந்துகொண்டிருந்தது.