மடி கொடுக்க ஒரு மாமன்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்தைகளும் சித்தப்பாக்களும் வருவது கயத்தாற்றில் வழக்கம். சுவரில் வெளிச்சம் பரவும். ஒளியுரு ஒன்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி தோன்றி, "சாப்பிட்டியா கண்ணு?" என்று விசாரிக்கும். அரசின் உறவுச் சேவை ஒருநாளும் தவறியதில்லை.

நான்கு தலைமுறையாக வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஊரில் யாருக்கும் அண்ணன் இல்லை, தங்கை இல்லை. அதனால் மாமனும் அத்தையும் ஒளியில் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள்.

பூங்கோதை தன் மகள் நிறைமதிக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது. இப்போதெல்லாம் நாற்காலியில் ஒளிமாமன் தோன்றுவார். குழந்தையை அதே நாற்காலியில் வைப்பார்கள். ஐந்து வயதில் பூங்கோதைக்கும் அப்படித்தான் நடந்தது. முதுகில் பட்ட அந்தப் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சியை அவள் இன்னும் மறக்கவில்லை.

"எம் பிள்ளை மனுச மடியிலதான் உக்காரும்," என்றாள்.

கணவன் மகிழ்நன் சிரித்தான். "மனுச மடிக்கு எங்க போவ? கடையிலயா விக்காங்க?"

"கரண்டு காத்தாடிக்குப் போவேன். அங்க வேலைக்கு வந்த மனுசங்க இருக்காங்கல்லா."

நம் ஊர்கள் ஆளில்லாமல் வற்றிக்கொண்டிருந்தபோது, நைஜீரியாவில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. அங்கிருந்து வேலைக்கு வந்தவர்களில் ஒபின்னாவும் ஒருவன். எட்டு வருடமாகக் காற்றாலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். பூங்கோதை போனபோது காற்றாலைத் தூணின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எம் பிள்ளைக்கு மாமனா வந்து ஒரு மணிநேரம் மடி குடுப்பீங்களா?"

"முடியாது."

"சம்பளம் வேணும்னா..."

அவன் முகம் வாடியது. "எனக்கு ஆறு தங்கச்சிங்கம்மா. மாமன்னா ஒரு மணிநேர வேலை இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னா வரணும். நீ திட்டுனாலும் வரணும். அடுத்த மாசம் என் ஒப்பந்தம் முடியுது. ஊருக்குப் போயிருவேன். அப்புறம்?"

பூங்கோதை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

"போங்க. ஆனா மாமனா போங்க. சுவத்துல வந்து பேசுனாலும் அது நீங்கதான. நிசமா ஒருத்தர் அவளை நெனைச்சுக்கிட்டு இருப்பாருல்லா."

அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்தான். "தங்கச்சியா இருக்குறதும் லேசு இல்ல. தெரியுமா?"

"தெரியாது. இதுவரைக்கும் யாருக்கும் இருந்ததில்ல."

வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையோடு அம்மன் கோயிலுக்கு வந்து நின்றான். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஏழாவது மக கெடைச்சான்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துனாங்க."

நிறைமதி அவன் மடியில் அடங்கி உட்கார்ந்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்ட மறுகணம் ஒபின்னா அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"போதும். ஒரு காது போதும்."

"அண்ணே, உக்காருங்க!"

"மாட்டேன். பிள்ளை அழுது."

"நான் பெத்த பிள்ளை!"

"எம் மருமக!"

"ஒத்தக் காதோடயா அலைவா? கூறு இருக்கா ஒனக்கு? உக்காரு!"

"நீ என்ன அம்மா? கல்லு மனசு!"

பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். மடப்பள்ளியிலிருந்து சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். அண்ணனும் தங்கையும் சண்டைபோட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மகிழ்நன் பதறி நடுவே போகப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"சும்மா நில்லுங்க தம்பி. இன்னும் கொஞ்சம் போடட்டும்."