நாற்காலி பஸ்

அந்த வகுப்பில் இருந்த நாற்காலிகள் எல்லாம் காலையிலேயே பஸ்ஸாகிவிட்டன.

இரண்டிரண்டாக, வரிசை பிசகாமல், சுவரோரமாக நின்றன. முன் நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்திருந்தான். வயது ஐந்து. கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதுதான் ஸ்டியரிங். பின்னால் இருந்த சீட்டுகள் எல்லாம் காலி. யாராவது உட்காரப் போனால், திரும்பிக்கூடப் பார்க்காமல் "இறங்கு" என்பான்.

அதனால் மற்ற பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரும் தரையில்தான்.

டிரைவரின் அக்காவுக்குப் பத்து வயது. அவளுடைய பள்ளிக்கு அன்று விடுமுறை. நர்ஸ் வேலைக்குப் போகும் அம்மா, தம்பியோடு அவளையும் இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

இதுவும் சின்னப் பிள்ளைகளின் பள்ளிதான். ஆனால் இங்கே எழுத்துக்கு முன்னால் வேறு பாடங்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு எப்படிப் பேசுவது, தன் முறை வரும்வரை எப்படிக் காத்திருப்பது, பிடிக்காததைக் கத்தாமல் எப்படிச் சொல்வது. சிலருக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும். சிலர் சைக்கிள் பழகுவதுபோல விழுந்து எழுந்து பழக வேண்டும். பழக்குபவர் பெயர் 'மெதுவா டீச்சர்'. எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அவர் மட்டும் எப்போதும் ஓட்டமும் நடையுமாக இருப்பார்.

"இவனுக்கு இங்க ஃப்ரெண்ட் யாராவது இருக்காங்களா டீச்சர்?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா. பஸ்ல யாரையும் ஏத்த மாட்டேங்கிறானே."

"வீட்டுலயும் அப்படித்தான். என்னையே ஏத்த மாட்டான்" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் உள்ளே கொஞ்சம் வலித்தது.

அப்போதுதான் ஸ்டிக்கர் கிளம்பினாள்.

ஸ்டிக்கர் என்பது அவளுடைய அப்பா வைத்த செல்லப் பெயர். யாரைப் பிடித்தாலும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். லேசில் விடமாட்டாள். அவள் பின்பக்கமாக ஓடிவந்து டிரைவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

டிரைவருக்கு யாராவது திடீரென்று தொட்டால் தாங்காது. அவன் வீறிட்டான். தட்டு ஒரு பக்கம் பறந்தது. நாற்காலிகள் சரிந்தன. அவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான்.

"மெதுவா, மெதுவா" என்று டீச்சர் பாய்ந்து வந்தார்.

ஸ்டிக்கரின் உதடு பிதுங்கியது. "அவனுக்கு என்னைப் பிடிக்கல."

"கட்டிப்பிடிக்கிறதுதான் அவனுக்குப் பிடிக்கல. நீ எந்தப் பக்கம் வரேன்னு அவனுக்குத் தெரியாதே" என்றாள் அக்கா.

அவள் மேசைக்குக் கீழே குனிந்தாள். "தம்பி, வெளிய வா. பிஸ்கட் தரேன்." அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான். "வரலைன்னா அம்மாகிட்ட சொல்வேன்." கெஞ்சியும் மிரட்டியும் பலிக்கவில்லை. நிமிர்ந்து நின்று யோசித்தாள். பஸ்ஸுக்குள் எப்படி ஏறுவது என்றுதானே எல்லாரும் பார்க்கிறோம்? பஸ்ஸுக்காக யாராவது காத்திருந்தோமா?

அக்கா சாய்ந்த நாற்காலிகளை நிமிர்த்தி வைத்தாள். தரை துடைக்கும் மாப்பை எடுத்துவந்து, ஒரு வாளியில் தலைகீழாக நிறுத்தினாள். பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாள்.

"என்ன பண்றே அக்கா?" என்றாள் ஸ்டிக்கர், மூக்கைத் துடைத்தபடி.

"இது பஸ் ஸ்டாப். பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

ஸ்டிக்கரும் பின்னால் நின்றாள். உடனே ஒரு பையன் ஓடிவந்து இருவருக்கும் முன்னால் நின்றான். எதிலும் தானே முதல் ஆளாக இருக்க வேண்டும் என்பதால் அவனுக்கு 'முதலாளி' என்று பெயர். கடைசியில் டீச்சரும் வந்து நின்றார்.

"பஸ் எப்ப வரும்?" என்றார் டீச்சர்.

"அது டிரைவருக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா. தம்பி பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. பிறகு ஒரு கை நீண்டு தட்டை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் டிரைவர் சீட்டில் இருந்தான். "உர்ர்ர்ர்..."

அக்கா கையை நீட்டி மறித்தாள்.

"நிக்காது. இது எக்ஸ்பிரஸ்" என்றான் டிரைவர்.

"சரி. அடுத்த பஸ்ல வரோம்."

டிரைவர் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு திரும்பிப் பார்த்தான். நான்கு பேரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.

"அடுத்த பஸ் எப்ப?"

"தெரியல தம்பி. வர வரைக்கும் நிப்போம்."

"எனக்குக் கால் வலிக்குது" என்றார் டீச்சர். அது நிஜம்.

டிரைவர் அறை முழுவதும் பார்த்தான். வேறு பஸ் எதுவும் கண்ணில் படவில்லை. அவனுக்குக் கவலை வந்துவிட்டது. 'புஸ்ஸ்' என்று கதவைத் திறந்தான். "எக்ஸ்பிரஸ் ரிப்பேர். இது சாதா பஸ். ஏறுங்க. டிரைவரைத் தொடக் கூடாது."

"எந்த பஸ்லயும் டிரைவரைத் தொடக் கூடாதுதான்" என்றாள் அக்கா.

"அப்ப நான் எதைப் பிடிச்சுக்கிறது?" என்றாள் ஸ்டிக்கர்.

"கம்பியை."

ஸ்டிக்கர் சற்றும் யோசிக்கவில்லை. வாளியிலிருந்த மாப்பைப் பிடுங்கிக் கட்டிப்பிடித்தபடி ஏறினாள்.

"ஸ்டாப்பெல்லாம் உள்ள வரக் கூடாது" என்றான் டிரைவர்.

"அது இப்ப கம்பி" என்றாள் அக்கா. டிரைவர் யோசித்துத் தலையாட்டினான்.

முதலாளி முண்டியடித்தான். "நான்தான் முதல்ல ஏறுவேன்."

"நீ கண்டக்டர் இல்லையா?" என்றாள் அக்கா. "கண்டக்டர் எல்லாரையும் ஏத்திட்டு அப்புறம்தான் ஏறணும். ஆனா அவர் விசில் ஊதாம பஸ் நகராது."

முதலாளி எடை போட்டுப் பார்த்தான். லாபம்தான் என்று தோன்றியது. எல்லாரையும் ஏற்றிவிட்டு, கடைசியாக ஏறி, வாயால் "ஃபூ" என்றான். விசில் வரவில்லை. எச்சில் மட்டும் வந்தது. டீச்சர் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. வேகத்தடை வந்தபோது எல்லாரும் குதித்தார்கள். வளைவில் சாய்ந்தார்கள். ஸ்டிக்கர் மாப்பை விடவே இல்லை.

பால் குடிக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். ஸ்டிக்கர் மட்டும் இறங்கவில்லை.

டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தட்டைச் சாய்த்துப் பார்த்தான். "உன் ஸ்டாப் எது?"

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தம்பி இன்னொரு பிள்ளையிடம் கேள்வி கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"மஞ்சள் கேட் வீடு" என்றாள் ஸ்டிக்கர்.

"அங்க என்ன இருக்கு?"

"நாய் இருக்கு. அதுவும் வரலாமா?"

"குரைக்குமா?"

"தூங்கும்."

"அப்ப வரலாம்."

டீச்சர் அக்காவின் தோளைப் பிடித்து, "மெதுவா, மெதுவா, அவங்களைக் கூப்பிடாதே" என்று கிசுகிசுத்தார். கிசுகிசுத்த வேகத்தில் கையிலிருந்த டம்ளர் பால் எல்லாம் அவர் புடவையில் கொட்டியது.

மாலையில் பெற்றோர் வந்தபோது பஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டிக்கரின் அப்பா நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். "ஏறுங்க" என்று டிரைவர் சொன்னதும் அவர் மறுபேச்சு பேசாமல் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டாப் வந்ததும் எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது.

"சீட்டை எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றான் டிரைவர்.

ஸ்டிக்கர் சிரித்தாள். டிரைவரும் சிரித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

வாசலில் நின்ற அம்மா பையைக் கீழே வைத்துவிட்டார். சீருடைப் புடவையின் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவன் யார்கூடச் சிரிக்கிறான்?"

"அப்புறம் சொல்றேம்மா" என்றாள் அக்கா. "முதல்ல வந்து ஒரு கை பிடிங்க. மாமாவைக் கழட்டணும்."