சூடேறாத துண்டு

அலுமினியத் துண்டு சூடேறவே இல்லை. ஆபீசர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரமாக உட்கார்ந்திருந்தார். மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்த வெயில் மேசை, நாற்காலி, அவருடைய வழுக்கை எல்லாவற்றையும் பாகுபாடில்லாமல் வாட்டிக்கொண்டிருந்தது. துண்டு மட்டும் அப்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் சில்லென்றிருந்தது. மரத்துப்போனது அவருடைய கைதான்.

ஆபீசர் என்பது மனைவி வைத்த பெயர். தன் கையெழுத்தில்லாமல் அலுவலகத்தில் ஒரு குண்டூசி நகராது என்று அவர் நம்பிய காலம் ஒன்று உண்டு. வீட்டில் ஃபியூஸ் போனால் டார்ச் பிடிப்பதுதான் அவருடைய பதவி. "பெரிய ஆபீசரே, கையை ஆட்டாம பிடிங்க" என்று அவள் ஸ்டூல் மேல் நின்று அதட்டுவாள்.

இந்தப் பழங்காலத்துக் கம்ப்யூட்டரும் அவளுடையதுதான். அதில் வரும் மணியோசையை எடுத்துவிட்டு, அவரைக் கேலி செய்வதற்கென்றே தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். போட்டால், "வந்துட்டீங்களா?" அணைத்தால், "போயிட்டு வரேன்."

ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, அதைச் சொல்லாமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சிப்பின் மேல் உட்கார்ந்திருந்த இந்தத் துண்டின் கொக்கி தெறித்தது. சூட்டை இழுத்து வெளியே விட ஆளில்லாமல், கம்ப்யூட்டர் போட்ட வேகத்தில் கொதித்து அணைந்தது. "வந்துட்—" அவ்வளவுதான். அந்த அரைச் சொல்லுக்காக அவர் தினமும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மீதியை அவள் எப்படி இழுத்துச் சொல்வாள் என்பது இப்போது மறக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் இந்த ரிப்பேர்.

மச்சான், அதாவது அவளுடைய தம்பி, ரிப்பேர் கடை வைத்திருப்பவன். போனில் ஸ்பீக்கர் வழியாக வழிநடத்திக்கொண்டிருந்தான்.

"அத்தான், அது கம்ப்யூட்டர் இல்ல, அம்மிக்கல்லு. டிஸ்கைக் கழட்டிக் குடுங்க, குரலை நான் எடுத்துத் தரேன்."

"வேணாம்டா. உங்கக்கா இதுலதான் பேசுவா."

அந்தப் பக்கம் மச்சான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி. சிப்பு மேல காஞ்சிருக்கற பழைய பசையைச் சுரண்டியாச்சா?"

"பணி நிறைவுற்றது."

"ஆரம்பிச்சிட்டீங்களா, ஆபீஸ் பாஷைய! புதுப் பசை ஒரு பருக்கை வைங்க, போதும். பல்லு தேய்க்கற மாதிரி பிதுக்கிடாதீங்க."

"மச்சான், இந்தத் துண்டு ஏன்டா இவ்ளோ சில்லுனு இருக்கு?"

"உலோகம் அப்படித்தான் இருக்கும். கையில வெச்சா ஏறிடும்."

"ஏறல."

"அப்ப உங்க உடம்புல சூடு இல்ல. வயசாச்சுன்னு ஒத்துக்கங்க. மேல நேரா வெச்சு அழுத்துங்க. நகர்த்தாதீங்க. நடுவுல துளி காத்து இருந்தாலும் சூட்டை இழுக்காது. நல்லா ஒட்டணும், அதான் விஷயம்... இருங்க, கடைக்கு ஆள் வந்துட்டாங்க. போட்டுப் பாருங்க, அப்புறம் கூப்பிடறேன்."

துண்டில் வரிசையாக நின்ற மெல்லிய தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருந்தது. பிரஷ்ஷால் நெருடினார். பஞ்சுபோல் திரண்டு வந்த தூசிக்குப் பின்னால் ஒரு தலைமுடி. நுனி கறுப்பு, வேர்ப்பக்கம் வெள்ளை. சாயம் பூசத் தவறிய கடைசி மாதங்களின் வெள்ளை. இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. வேர் ஈரமாக இருந்தது.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு பருக்கை பசை வைத்து, துண்டைச் சிப்பின் மேல் அழுத்தி, புதுக் கொக்கியை மாட்டினார். க்ளிக்.

விசிறி சுழன்றது. வெந்த தூசியின் வாசனை எழுந்தது. திரை வெளுத்தது. அணையவில்லை.

"வந்துட்டீங்களா?"

முழுசாக. கடைசி எழுத்தில் அந்தச் சின்ன வளைவோடு. குரலுக்குப் பின்னால் சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும் பதிவாகியிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி அவள் வருஷக்கணக்கில் கேட்டபோதெல்லாம் "பரிசீலனையில் இருக்கு" என்று பதில் சொன்ன பெரிய மனுஷர், இப்போது மேசையில் தலைவைத்து அழுதார்.

"வந்துட்டேன்மா," என்றார்.

இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்தார்.

"போயிட்டு வரேன்."

திரை கறுத்தது. விசிறி தளர்ந்து நின்றது. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் காரியம் முடிந்த வாரமே அந்தக் குழாயைப் பிடுங்கி அடைத்தாயிற்று.

வெயில் இறங்கியிருந்தது. சொட்டு சமையலறையில் விழுந்தது. அடுத்தது நடையில். அடுத்தது வாசற்படியில். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. ஈர முடி வாசனை.

அவர் திரும்பவில்லை.

முன்பெல்லாம் ஒரு தும்மல் போட்டால் போதும், "ஆபீசருக்குக் காய்ச்சலா?" என்று பின்னாலிருந்து நெற்றியில் புறங்கையை வைப்பாள். இப்போதும் வைத்தாள். சில்லிப்பு. தோலுக்கடியில் எலும்புகள், வரிவரியாக, தகடு தகடாக. நகரவில்லை. அழுத்தியது. நடுவில் துளி காற்றில்லை.

"வந்துட்—" என்றது காதருகே.

நெற்றியிலிருந்து சூடு கிளம்பியது. பிறகு காதிலிருந்து. கழுத்திலிருந்து. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கலாம். அவர் இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். பாவம், எவ்வளவு குளிர்ந்துபோயிருக்கிறாள்.

"வந்துட்டே—"

மேசையில் போன் அதிர்ந்தது. மச்சான். விரலை நீட்டப் பார்த்தார். விரல் வரவில்லை.

கறுத்த திரையில் அவருடைய முகம் வெளுத்துக்கொண்டே போனது. அதன்மேல் பதிந்திருந்த கை, நகக்கண்ணிலிருந்து தொடங்கி, விரல் விரலாகச் சிவந்துகொண்டிருந்தது.