கள்ளி பார்க்க வருகிறார்கள்

மூன்று மணிக்குக் கள்ளி ஐந்தில் இருந்தது. நாலரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஏழுக்குக் கீழே இருந்தால் காபி டம்ளரைக்கூடத் தொடமாட்டார்கள் என்று தரகர் முன்னாடியே சொல்லிவிட்டார்.

நவீன் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் கட்டம் போட்ட நிற அட்டையை எடுத்து, செடிக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார். ஐந்தேதான். பழுத்த மிளகாய் நிறத்தில் இருக்க வேண்டிய உருண்டை, வெந்த வெங்காயம் மாதிரி வெளிறிக்கிடந்தது.

முன்பெல்லாம் பெண் பார்க்க வருவார்கள். இப்போது கோயம்புத்தூர்ப் பக்கம் கள்ளி பார்க்க வருகிறார்கள். ஜாதகம் பொய் சொல்லும், மனக்கள்ளி சொல்லாது. கீழே பச்சைத் தண்டு. அதன் தலையில் ஒட்டுப்போட்ட சிவப்பு உருண்டை. உருண்டைக்குப் பச்சையம் கிடையாது, தண்டு ஊட்டினால்தான் சாப்பாடு. ஆய்வகத்தில் அதன் மரபணுவைத் திருத்தி, மனிதர்கள் பதறும்போது மூச்சிலும் வேர்வையிலும் கிளம்புகிற நெடியை அதற்கு உணர வைத்துவிட்டார்கள். வீட்டில் நிம்மதி என்றால் சிவக்கும், இல்லையென்றால் வெளிறும், அதுவும் கண்ணெதிரே. இரவல் வாங்கவும் வழியில்லை. வீடு மாற்றிவைத்தால் இரண்டு நாளைக்குச் சாம்பல் பூத்துவிடும்.

நவீன் என்னதான் செய்யவில்லை? ஒரு மாதமாகக் கிழக்கு ஜன்னல் வெயிலை மெல்லிய துணி போட்டு வடிகட்டினார். பத்து நாளைக்கு ஒருமுறை அளந்து தண்ணீர் ஊற்றினார். அழுகல் வந்துவிட்டதோ என்று தண்டை மணிக்கொரு தரம் விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டார். மனைவி மிதுனாவும் மகள் ஓவியாவும் கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைத்தார்கள். அப்படியும் எட்டில் இருந்தது ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியது.

நாற்றுப்பண்ணைக்காரரைக் கூப்பிட்டார்.

"தண்டு கெட்டியா இருக்குதுங்களா? அப்பச் செடியில கொறை இல்லைங்க. வூட்டுல சண்டை கிண்டை?"

"சண்டையா! மூச்சே விடறதில்லைங்க நாங்க."

"அட, அதானுங்க வெனை. அதுக்குக் காது ஏதுங்க? கத்தித் தீர்த்துட்டீங்கன்னா நெடி அஞ்சு நிமிசத்துல அடங்கிரும். முழுங்கி முழுங்கி வச்சீங்கன்னா நாள்பூராக் கசிஞ்சுட்டே இருக்கும்."

எதிர் வீட்டில் தம்பதி இருவரும் விடிந்தால் அடைந்தால் சண்டை. அவர்கள் வாசலில் கள்ளி தக்காளிப்பழம் மாதிரி ஜொலிப்பது நவீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மணி மூன்றேமுக்கால்.

"மிதுனா, இங்க வா. அம்மிணி, நீயும் வா சாமி. நாம இப்பச் சண்டை போடோணும்."

"என்ன சண்டைங்க?" என்றாள் மிதுனா, மாவுக் கையோடு.

"என்னமோ ஒன்னு. கேசரியில சக்கரை பத்தல!"

"கேசரியே இன்னும் கிண்டலைங்க. இது போண்டா மாவு."

"அப்ப போண்டா சரியில்லை!" என்று அவர் கத்தினார். கள்ளி நாலுக்கு இறங்கியது.

ஓவியா களுக்கென்று சிரித்தாள். மிதுனா சிரிக்கவில்லை.

"போண்டா சரியில்லையாக்கும்? ஒரு மாசமா இந்த வூட்டுல நான் தும்மல்கூடப் போடலைங்க, தெரியுமா? எங்கண்ணன் ஆசுபத்திரியில கிடந்தப்பக்கூட, இங்க அழுதா செடிக்கு ஆகாதுன்னு மொட்டை மாடிக்குப் போய் அழுதுட்டு வந்தேன். என் நெத்தியில கை வச்சுப் பார்த்தீங்களா ஒரு நாளு? அந்தத் தண்டைத்தான் தடவித் தடவிப் பார்த்தீங்க!"

"யாருக்காகடி பார்த்தேன்? இவளுக்கு நல்லபடியா அமையோணும்னுதானே!" இந்தத் தடவை நவீன் நிஜமாகவே கத்தினார். "எனக்கு மட்டும் ராத்திரியில தூக்கம் வருதா?"

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா," என்றாள் ஓவியா.

இருவரும் திரும்பினார்கள்.

"அந்தப் பையன் மூனு தடவை பேசினான். மூனு தடவையும் மொதக் கேள்வி, 'உங்க கள்ளி இன்னைக்கு எத்தனை?' நான் சாப்பிட்டனான்னுகூடக் கேட்கலை."

"இதை ஏன் அம்மிணி அப்பவே சொல்லலை?"

"சொன்னா வெளிறிருமேப்பா."

மிதுனா மாவுக் கையோடு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நவீன் தற்செயலாகத் திரும்பியபோது கள்ளி ஒன்பதில் நின்றது.

நாலரைக்கு, போண்டா வெந்து தட்டுக்கு வந்தபோது, வாசல் மணி அடித்தது.

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றியதும் நேரே ஜன்னலுக்குத்தான் போனார். சொந்த அட்டையே கொண்டுவந்திருந்தார். "ஒம்பதுங்க!" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இப்படி ஒரு வூடு நான் பார்த்ததே இல்லை. இனி என்னங்க, தேதி குறிச்சிரலாமுங்களா?"

உங்க சௌகரியம்போலங்க என்ற பேச்சு நவீனின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உருண்டையின் உச்சியில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அட்டை இன்னும் அந்தம்மாவின் கையில்தான் இருந்தது.

நவீன் வந்த பேச்சை விட்டுவிட்டு, எழுந்து கைகூப்பினார். "உக்காருங்க. ஒன்னு சொல்லோணும். எங்க பொண்ணுக்கு இதுல விருப்பமில்லைங்க. இப்பத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நீங்க மன்னிக்கோணும்."

காபி ஆடை கட்டும்வரை அவர்கள் இருக்கவில்லை. போகிற வேகத்தில் அந்தம்மா அட்டையைக்கூட மறந்துவிட்டுப் போனார்.

நவீன் அதைத்தான் எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அட்டையின் கடைசிக் கட்டம் சும்மா அழகுக்கு அச்சடித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக் கள்ளியும் அதைத் தொட்டதில்லை.

"பத்து," என்றார்.

மூவரும் செடியைச் சுற்றி நின்றார்கள். ஓவியா ஆறிப்போன போண்டாவை எடுத்துக் கடித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கரண்டி சத்தமாகக் கீழே விழுந்தது, யாரும் குனியவில்லை.

"ஏனுங்க," என்றாள் மிதுனா மெதுவாக, "ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்து வர்றவங்களுக்குக் காட்டலாம்."

ஓவியா மெல்லுவதை நிறுத்தினாள்.

நவீன் கைப்பேசியை எடுப்பதற்குள் கள்ளி ஒன்பதுக்கு வந்திருந்தது.